விஸ்லரின் ‘நாக்டர்ன்’: ஒரு செப்புத்தகடு, பல இரவுகள்

“இசையை ஓவியமாக வரைந்தவர்.” 19ஆம் நூற்றாண்டு ஓவியர் ஜேம்ஸ் மெக்னீல் விஸ்லரைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இந்த வரியும் கூடவே வந்துவிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என்ன அர்த்தம் என்று கேட்டால்தான் தடுமாறுகிறார்கள். பியானோவைக் கேட்டுக்கொண்டே வரைந்தாராம் என்கிறார்கள் சிலர். ஒலி கேட்டால் அவர் கண்ணுக்கு நிறம் தெரியுமாம் என்று கதை விடுகிறார்கள் சிலர். அவருடைய ‘நாக்டர்ன்’ என்ற அச்சுப்படத்தைக் காட்டினாலோ, “இது பிரின்ட்தானே, அசல் எங்கே இருக்கிறது?” என்ற கேள்வி தவறாமல் வரும்.

இந்தக் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்தப் படத்தில் இசை என்று ஒன்று இருக்குமானால், அது பெரும்பாலும் அச்சடித்த விதத்தில்தான் இருக்கிறது. அதனால் அச்சடிப்பது எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் இசைப் பக்கம் போகவே முடியாது.

## படத்தில் என்ன இருக்கிறது

1879–80இல் வெனிஸ் நகரில் உருவான படம் இது. ஏ4 தாளைப் படுக்கவைத்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அளவு: 20 செ.மீ.க்கு 30 செ.மீ. நகரை ஒட்டிய கடற்கழி, இரவு நேரம். தூரத்தில் பாய்மரக் கப்பல், படகுகள், தேவாலயக் கூரைமாடம், கோபுரம். எல்லாம் அடிவானத்தை ஒட்டி மெலிதாகத் தெரிகின்றன. மேலே வானம், கீழே தண்ணீர். படத்தின் பெரும்பகுதி இந்த இரண்டும்தான்.

வெனிஸ் என்றால் நாம் எதிர்பார்க்கும் பளிங்கு மாளிகை, பாலம், கூட்டம் எதுவும் கிடையாது. கோடுகளும் கொஞ்சம்தான். கப்பலின் கொடிமரத்துக்கு நாலைந்து கீறல், கோபுரத்துக்கு இரண்டு, தண்ணீரில் நிழல் விழும் இடத்தில் சில. கிட்டப் போய்ப் பார்த்தால் இவ்வளவு குறைந்த கோடுகளைக் கொண்டு எப்படி இத்தனை இருட்டு வந்தது என்று தோன்றும். வானமும் தண்ணீரும் சும்மா வெள்ளைத் தாளாக இல்லை. புகை படிந்த கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல் ஒரு பழுப்பு மங்கல் முழுப் படத்திலும் நிற்கிறது. அந்த மங்கலை யாரும் கோடு போட்டு வரையவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி.

## அசல் எது, நகல் எது

நாம் ‘பிரின்ட்’ என்றதும் நினைப்பது கடையில் விற்கும் போஸ்டரை. எங்கோ ஓர் ஓவியம் இருக்கும், அதைப் புகைப்படம் எடுத்து ஆயிரக்கணக்கில் அடிப்பார்கள். அங்கே அசல் வேறு, பிரின்ட் வேறு.

விஸ்லர் செய்தது ‘எட்சிங்’. அதாவது செப்புத்தகட்டில் அமிலத்தைக் கொண்டு கோடுகளைப் பள்ளமாக அரிக்கவைத்து, அந்தப் பள்ளங்களில் மை நிரப்பித் தாளில் எடுக்கும் முறை. இதில் முன்னதாக ஓவியம் என்று ஒன்று இருக்கவேண்டிய அவசியமில்லை. தகட்டைச் சட்டத்தில் போட்டு மாட்ட முடியாது, அது வெறும் கருவி. தாளில் எடுத்த அச்சுதான் கலைப்படைப்பு. நூறு அச்சு எடுத்தால் நூறும் அசல்.

செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய செப்புத்தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சு ஒன்றைத் தடவுவார்கள். அமிலம் இந்தப் பூச்சைத் தாண்டாது. கலைஞர் ஊசியால் பூச்சைக் கீறி வரைவார். கீறிய இடத்தில் செம்பு பளிச்சென்று தெரியும். அதன்மேல் நைட்ரிக் அமிலம் பட்டதும், திறந்த இடத்தில் மட்டும் செம்பு அரிக்கும். கொஞ்ச நேரம் விட்டால் கோடு ஆழமில்லாமல் மெல்லியதாக இருக்கும், அதிக நேரம் விட்டால் ஆழமாகிக் கறுப்பாக விழும். விஸ்லர் தகட்டின் மேல் அமிலத்தை ஊற்றி, பறவை இறகால் அங்குமிங்கும் தள்ளித் தள்ளி, எந்தக் கோட்டை எவ்வளவு கடிக்க விடலாம் என்று பார்த்துக்கொண்டே வேலை செய்தவர். (அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளியிலிருந்து 1854இல் அவரை வெளியே அனுப்பியதற்குக் காரணம் வேதியியலில் தேறாதது. அப்படிப்பட்டவருக்கு வாழ்நாள் முழுக்க நைட்ரிக் அமிலத்தோடுதான் பிழைப்பு.)

இதோடு ‘டிரைபாயின்ட்’ என்று ஒரு வேலையும் உண்டு. அமிலமே இல்லாமல் கூர்மையான ஊசியால் செம்பை நேரடியாகக் கீறுவது. கீறும்போது கோட்டின் இரு ஓரத்திலும் உலோகப் பிசிறு எழும்பும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால் கோடு பஞ்சுபோல், வெல்வெட்போல் மெத்தென்று விழும். சில அச்சுகள் எடுப்பதற்குள் அழுத்தத்தில் பிசிறு தேய்ந்துவிடும். அதனால்தான் முதலில் எடுத்த அச்சுகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மவுசு.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: தகடு கருவி, அச்சு அசல். கோட்டின் கறுப்பை அமிலம் கடித்த ஆழமும் ஊசியின் பிசிறும் தீர்மானிக்கின்றன. ஆனால் வானத்தில் கோடே இல்லையே, அங்கே இருட்டு எப்படி வந்தது?

## துடைக்கும் கையில்தான் இருக்கிறது

தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு, பாதி வெங்காயத்தாலோ துணியாலோ தேய்ப்போம். எண்ணெயெல்லாம் போய்விட்டதுபோல் தெரியும். ஆனாலும் கல் முழுக்க ஒரு மெல்லிய படலம் நிற்கும். அழுத்தித் தேய்த்த இடத்தில் குறைவாக, கை மேலோட்டமாகப் போன இடத்தில் கூடுதலாக.

செப்புத்தகட்டிலும் அப்படித்தான். அச்சடிக்கும் முன் தகடு முழுக்கக் கெட்டியான மையைத் தேய்ப்பார்கள், பள்ளங்களுக்குள் இறங்கும்படி. பிறகு மஸ்லின் துணியால் மேற்பரப்பைத் துடைப்பார்கள். வணிகத்துக்காக அச்சடிப்பவர் கண்ணாடிபோல் துடைத்துவிடுவார். கோட்டில் மட்டும் மை, மற்ற இடம் சுத்தம். தாளில் கறுப்புக் கோடும் வெள்ளைப் பின்னணியும் விழும். நூறு அச்சு எடுத்தாலும் ஒன்றுபோல இருக்கும். அவர்களுக்கு அதுதான் பெருமை.

விஸ்லர் அப்படித் துடைக்கவில்லை. மேற்பரப்பில் மையின் படலத்தை வேண்டுமென்றே விட்டார். இதற்குத் ‘தகட்டுச் சாயை’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்: கோட்டுக்குள் இல்லாமல், தகட்டின் மேற்பரப்பில் துடைக்காமல் விட்ட மை தாளில் உண்டாக்கும் மங்கல். அடிவானத்துக்கு அருகே துணியைக் கொஞ்சம் அழுத்தினால் அங்கே வெளிச்சம். மேலே போகப் போக விட்டுவிட்டால் வானம் இருளும். தண்ணீரின் மேல் கையை ஒரே திசையில் இழுத்தால் அந்த இழுப்பே அலையாக, நிழலாகத் தெரியும். கை, துணி, விரல் நுனி எல்லாமே தூரிகைதான்.

மை தடவி முடித்த தகட்டின் மேல் ஈரத் தாளைப் போட்டு, அதன்மேல் கம்பளி விரித்து, இரண்டு உருளைகளுக்கிடையே அழுத்தி ஓட்டுவார்கள். ஈரத் தாள் பள்ளத்துக்குள் புகுந்து மையைத் தூக்கிக்கொண்டு வரும். மேலே இருந்த படலமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். தாளைத் தூக்கியதும் தகடு ஏறக்குறைய வெறுமையாகிவிடும். அடுத்த அச்சுக்கு மறுபடி மை, மறுபடி துடைப்பு. கோடுகள் அப்படியேதான் இருக்கும், ஆனால் வானத்தையும் தண்ணீரையும் முதலிலிருந்து ‘வரைய’ வேண்டும்.

அதனால்தான் ‘நாக்டர்ன்’ அச்சுகளில் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒன்றில் அந்தி முடிந்து அடிவானத்தில் இன்னும் வெளிச்சம் ஒட்டியிருக்கிறது. இன்னொன்றில் கப்பலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதே வெனிஸ் நாள்களில் செய்த ‘நாக்டர்ன்: மாளிகைகள்’ என்ற படத்தில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். கால்வாயோரம் இரண்டு பக்கமும் இருண்ட சுவர்கள், நடுவே ஒரு விளக்கு. ஓர் அச்சில் விளக்கு எரிகிற சந்து தெரியும். அடுத்ததில் சந்தே மூழ்கிப்போய் வெளிச்சத்தின் சாயல் மட்டும் மிதக்கும்.

தகட்டுச் சாயையை விஸ்லர் கண்டுபிடித்தார் என்று சொல்லிவிடக் கூடாது. 17ஆம் நூற்றாண்டிலேயே டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இப்படிச் செய்திருக்கிறார். விஸ்லரின் இளமைக்காலத்தில் பாரிஸில் ஒகுஸ்த் தெலாத்ர் என்ற அச்சாளர் இதில் பேர்போனவர். விஸ்லரின் முதல் எட்சிங் தொகுப்பு 1858இல் அவர் கையால்தான் அச்சானது. மற்றவர்களுக்கு இது கோட்டுக்கு மேல் போடும் மெருகு. வெனிஸில் விஸ்லர் கோட்டைக் குறைத்துக்கொண்டே போய், படத்தின் பெரும்பகுதியைத் துடைப்புக்கே விட்டுவிட்டார். அந்தத் துணிச்சல் புதிது.

## அந்தப் பெயர் எப்படி வந்தது

இப்போது இசைக்கு வரலாம். ‘நாக்டர்ன்’ என்பது இரவின் மனநிலையைச் சொல்லும் சிறிய பியானோ உருப்படி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்துக்காரர் ஜான் ஃபீல்ட் இந்த வடிவத்தைத் தொடங்கிவைத்தார். அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் போலந்தில் பிறந்த சோப்பின். இடது கை கீழ்ச்சுரங்களை அகலமாக அவிழ்த்துப் போட்டுக்கொண்டே இருக்கும், வலது கை அதன்மேல் ஒற்றை மெட்டை மெதுவாகக் கொண்டுபோகும். கதை எதுவும் சொல்லாது.

1870களின் தொடக்கத்தில் விஸ்லர் லண்டனில் தேம்ஸ் நதியின் இரவுக் காட்சிகளை எண்ணெய்ச் சாயத்தில் வரைந்துகொண்டிருந்தார். அவற்றை ‘நிலவொளிகள்’ என்று அழைத்துவந்தார். அவருடைய புரவலர் ஃபிரெடரிக் லேலண்ட் கப்பல் முதலாளி, பியானோ வாசிப்பில் பித்துக்கொண்டவர். ‘நாக்டர்ன்’ என்று வைக்கலாமே என்றார் லேலண்ட். விஸ்லருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நன்றி சொல்லி எழுதிய கடிதத்தில், விமர்சகர்களை இந்தப் பெயர் எவ்வளவு எரிச்சலூட்டும் என்று நினைத்துக் குஷிப்படுகிறார். ஆக, பெயரை விஸ்லர் யோசிக்கவில்லை. இசை கேட்டபோது அவருக்குள் பொங்கிய பெயரும் அல்ல. படங்கள் முதலில் வந்தன, பெயர் பிறகு வந்து ஒட்டியது. (சில வருஷங்களில் லேலண்டுக்கும் விஸ்லருக்கும் ஒரு வீட்டு அலங்கார வேலையின் கூலியை வைத்துப் பெரிய சண்டை வந்தது. விஸ்லர் திவாலானபோது கடன் கொடுத்தவர்களின் வரிசையில் முன்னால் நின்றவர் இதே லேலண்ட்தான்.)

அதற்கு முன்பே இசைச் சொற்கள் மேல் அவருக்குக் கண் இருந்தது. வெள்ளை உடைப் பெண்களை வரைந்து ‘வெள்ளையில் ஒரு சிம்ஃபொனி, எண் 3’ என்று பெயரிட்டு 1867இல் லண்டன் ராயல் அகாடமியில் வைத்தார். (சிம்ஃபொனி என்றால் இசைக்குழு வாசிக்கும் பெரிய உருப்படி.) ஹாமர்ட்டன் என்ற விமர்சகர் குறை சொன்னார்: ஒருத்தியின் உடை மஞ்சளாக இருக்கிறது, நீல ரிப்பன் இருக்கிறது, இன்னொருத்தி கையில் சிவப்பு விசிறி இருக்கிறது, இது எப்படி வெள்ளைச் சிம்ஃபொனி ஆகும்? விஸ்லர் பதில் எழுதினார்: எஃப் என்ற சுரத்தை ஆதாரச் சுருதியாக வைத்து அமைந்த சிம்ஃபொனி என்றால் அதில் வேறு சுரமே வராதா, எஃப், எஃப், எஃப் என்று கத்திக்கொண்டே இருக்குமா? கடைசியில் ‘முட்டாள்!’ என்றும் சேர்த்தார்.

கோபத்தை விட்டுவிட்டு வாதத்தைப் பாருங்கள். இசைத் தலைப்பு அவருக்கு எதற்குத் தேவைப்பட்டது என்பது இதில் இருக்கிறது. சிம்ஃபொனி எதைப் பற்றியது என்று யாரும் கேட்பதில்லை. ஆதாரச் சுருதி எது, மற்ற சுரங்கள் அதோடு எப்படிச் சேர்கின்றன என்று கேட்கிறோம். ஓவியத்தையும் அப்படியே பாருங்கள், பெண் யார், கதை என்ன என்று தேடாதீர்கள் என்றார். பிள்ளைகள் பாடப்புத்தகத்தில்கூட ‘விஸ்லரின் தாய்’ என்று பார்க்கும் அந்த 1871ஆம் ஆண்டுப் படத்துக்கு அவர் வைத்த பெயர் ‘சாம்பலும் கறுப்பும்: அமைப்பு எண் 1’. அது தன் அம்மா என்பது தனக்கு முக்கியம், பார்ப்பவருக்கு என்ன வந்தது என்பது அவர் கட்சி. இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அந்த முகத்தைப் பார்க்கிறவர்கள் அம்மாவைத்தான் பார்க்கிறார்கள், சாம்பல் நிறத்தை அல்ல. ஆனால் ‘நாக்டர்ன்’ போன்ற படத்தில் அவர் வாதம் அட்சரசுத்தமாகப் பொருந்துகிறது.

இந்தப் பகுதியின் சாரம்: இசைத் தலைப்பு, பாட்டைப் படமாக்கிய குறிப்பு இல்லை. ‘கதையைத் தேடாதே, சேர்க்கையைப் பார்’ என்று பார்ப்பவருக்குச் சொல்லும் வழிகாட்டிப் பலகை.

## திவாலானவரை வெனிஸ் அழைத்தது

‘நாக்டர்ன்’ என்ற பெயரால் விஸ்லருக்கு வந்த வினை சின்னதில்லை. ‘கறுப்பிலும் பொன்னிலும் நாக்டர்ன்: விழும் வாணம்’ என்ற படத்தை 1877இல் லண்டனில் 200 கினி (கினி என்பது அன்றைய ஆங்கிலேயப் பணக் கணக்கு) விலைக்கு வைத்தார். இரவு வானத்தில் வாணவேடிக்கை, இருட்டில் சிதறும் பொறிகள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கலை என்றால் ஜான் ரஸ்கின் சொன்னதுதான் சட்டம். ஒரு வாளிச் சாயத்தை மக்கள் முகத்தில் வீசிவிட்டு 200 கினி கேட்கிறான் இந்த ஆள் என்று எழுதினார் ரஸ்கின். விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டார்.

1878 நவம்பரில் விசாரணை. இரண்டு நாள் வேலைக்கா இவ்வளவு பணம் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மடக்கியபோது, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அறிவுக்குக் கேட்கிறேன் என்றார் விஸ்லர். வழக்கில் ஜெயித்தார். நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. தன் பக்கத்து வழக்குச் செலவு அவர் தலையில். 1879 மே மாதம் திவால். புதிதாகக் கட்டிய வீடும் போயிற்று.

அப்போது லண்டனின் ஃபைன் ஆர்ட் சொசைட்டி என்ற கலைக்கூடம் கைகொடுத்தது. வெனிஸுக்குப் போய் 12 எட்சிங் செய்து வாருங்கள் என்றது. செப்டம்பரில் போனவர் மூன்று மாதத்தில் திரும்பியிருக்க வேண்டும். 14 மாதம் அங்கேயே இருந்துவிட்டார். குளிரும் பணமுடையும் ஒருபுறம். ஓட்டோ பேக்கர் என்ற இளம் அமெரிக்கக் கலைஞர் கையோடு கொண்டுவந்திருந்த சிறிய அச்சு இயந்திரம் விஸ்லருக்கு வரப்பிரசாதமாயிற்று. தகட்டில் கீறினோம், அன்றே அச்செடுத்துப் பார்த்தோம் என்ற வசதி இருந்ததால்தான் துடைப்பில் இவ்வளவு விளையாட முடிந்தது என்று நினைக்கிறேன். 1880 டிசம்பரில் கண்காட்சி வைத்தபோது 12 படங்களில் ஒன்றாக ‘நாக்டர்ன்’ இருந்தது.

வழக்கில் எந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார்களோ, எந்த மங்கலைக் காட்டி இது முடிந்த வேலையா என்று கேட்டார்களோ, அதே பெயரையும் அதே மங்கலையும் திவாலான கையோடு மறுபடி கொண்டுவந்து வைத்திருக்கிறார். பிடிவாதம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

## இசை எங்கே ஒளிந்திருக்கிறது

சோப்பினின் நாக்டர்ன் ஒன்றின் தாளை மேசைமேல் வைத்தால் சத்தம் வராது. அதில் சுரங்களும் குறிகளும்தான் இருக்கின்றன. ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். சுரத்தை மாற்றக் கூடாது. ஆனால் எங்கே தாமதிப்பது, எங்கே மெலிவது, பியானோவின் கால்மிதியான பெடலை எவ்வளவு நேரம் மிதித்து ஒலியைத் தேங்கவிடுவது என்பதெல்லாம் வாசிப்பவர் கையில். அதனால் ஒரே நாக்டர்ன் இரண்டு பேர் கையில் இரண்டு இரவு. ஒரே ஆள் அடுத்த நாள் வாசித்தாலும் வேறு.

விஸ்லரின் செப்புத்தகடு அந்தச் சுரத்தாள். கோடுகள் அதில் நிலையானவை: கப்பல் இங்கே, கோபுரம் அங்கே. மை தடவித் துடைத்து அச்செடுப்பது வாசிப்பு. துடைக்காமல் விட்ட மைப்படலம் பெடலை மிதித்ததும் மெட்டுக்குக் கீழே தேங்கி நிற்கும் ஒலி. கப்பலின் மெல்லிய கோடு தனியாக இருந்தால் வெறும் கோடு. அந்தப் படலத்தின் மேல் நின்றால்தான் இரவு. இசைத்தன்மை என்று இந்தப் படத்தைப் பற்றிச் சொல்வதற்கு இதைவிடப் பிடிப்பான காரணம் எனக்குத் தெரியவில்லை. எண்ணெய்ச் சாய நாக்டர்ன் ஓவியங்களுக்குக்கூட இது கிடையாது. அவை ஒருமுறை வாசித்து ஒலிப்பதிவானவை. அச்சுப்படத்தில் மட்டும்தான் சுரத்தாளும் வாசிப்பும் பிரிந்து நிற்கின்றன.

இதனால்தான் விஸ்லர் வெனிஸ் படங்களை அடுத்தவர் கையில் அச்சடிக்கக் கொடுக்கத் தயங்கினார். ஒவ்வொன்றுக்கும் நூறு அச்சு என்று ஏற்பாடு. தானே மை தடவித் தானே துடைத்ததால் வருஷக்கணக்கில் இழுத்தது. தாளுக்கும் தேர்வு: பழைய புத்தகங்களில் எழுதாமல் கிடந்த டச்சுத் தாள்களை, பழுப்பேறியவை என்றால் இன்னும் நல்லது என்று தேடித் தேடி வாங்கினார். ஜப்பானியத் தாளும் பிடிக்கும். அச்செடுத்ததும் ஓர விளிம்பைத் தகட்டு அளவுக்கு வெட்டிவிட்டு, கீழே ஒரு சிறு நாக்குபோல் மட்டும் தாளை விட்டுவைப்பார். அதில் அவருடைய பட்டாம்பூச்சிக் கையெழுத்து. கூடவே, நானே அச்சடித்தேன் என்பதற்கான லத்தீன் சுருக்கம் ‘இம்ப்’. பியானோ வாசித்தவர் ஒலித்தட்டில் பெயர் போடுவதுபோலத்தான்.

1885 பிப்ரவரியில் லண்டனில் இரவு பத்து மணிக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினார். இசைக்கான சுரங்களெல்லாம் பியானோ கட்டைகளில் இருப்பதுபோல், எல்லாப் படங்களுக்குமான உருவும் நிறமும் இயற்கையில் இருக்கின்றன. எடுத்துச் சேர்ப்பது கலைஞன் வேலை என்றார். இயற்கையை உள்ளபடியே எடு என்று ஓவியனிடம் சொல்வது, பியானோமேல் உட்கார்ந்துகொள் என்று வாசிப்பவனிடம் சொல்வதற்குச் சமம் என்றும் சொன்னார். ‘நாக்டர்ன்’ படத்தில் அவர் எடுத்த கட்டைகள் எவ்வளவு குறைவு என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

பதிலுக்கு இசையும் ஓவியத்திடம் கடன் வாங்கியது. பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுசி 1899இல் முடித்த ‘நாக்டர்ன்கள்’ என்ற இசைக்குழுப் படைப்பின் பெயருக்குப் பின்னால் விஸ்லர் இருப்பதாகப் பொதுவாகச் சொல்வார்கள். அதன் ஆரம்பத் திட்டத்தைப் பற்றி எழுதியபோது, ஓவியத்தில் சாம்பல் நிறத்தை மட்டும் வைத்துச் செய்யும் பயிற்சிபோன்றது என்று தெபுசியே ஒப்பிட்டிருக்கிறார்.

## வழக்கமாக எழும் மூன்று சந்தேகங்கள்

படம் மங்கலாக இருப்பது அச்சுக்கோளாறா? இல்லை. சந்தேகம் இருந்தால் விஸ்லரின் தொடக்கக் கால வேலையைப் பாருங்கள். வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையில் 1854–55இல் சில மாதம் வேலை பார்த்தார். அங்கேதான் எட்சிங் கற்றார். வரைபடக்காரர்களின் துல்லியம் அவர் கைக்கு நன்றாகவே வரும். கலிஃபோர்னியா அருகே உள்ள அனகாபா தீவின் அரசாங்கப் படத் தகட்டில் யாரும் கேட்காமலே கடற்புறாக் கூட்டத்தைச் சேர்த்துவைத்தவர் அவர். கோடு போடத் தெரிந்தவர் கோட்டை விட்டார்.

வெனிஸ் இப்படித்தான் இருக்குமா? இருக்காது. தகட்டில் வலப்பக்கம் வரைந்தது தாளில் இடப்பக்கம் வரும், கண்ணாடியில் பார்ப்பதுபோல. ஊர்ப்படம் விற்பவர்கள் இதற்காகவே முதலில் திருப்பி வரைவார்கள். விஸ்லர் நேரில் பார்த்ததைப் பார்த்தபடியே செம்பில் கீறினார். அச்சில் வெனிஸ் இடம் வலமாகிவிட்டது. ஊரை அடையாளம் காட்டுவது அவர் வேலையாக இருந்ததே இல்லை.

இவர் அமெரிக்கரா, ஆங்கிலேயரா? 1834இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரில் பிறந்தார், 1855இல் கப்பலேறினார், 1903இல் லண்டனில் இறந்தார். இடையில் ஒருமுறைகூட அமெரிக்கா திரும்பவில்லை. ஆனாலும் தன்னை அமெரிக்கர் என்றே சொல்லிக்கொண்டார். வெனிஸில் அவரைச் சுற்றி இருந்த இளைஞர்களும் பெரும்பாலும் அமெரிக்கர்கள். அவர்கள் வழியாக இந்தத் துடைப்பு அட்லாண்டிக்கைத் தாண்டியது.

## இரண்டு அச்சுகளைப் பக்கத்தில் வையுங்கள்

‘நாக்டர்ன்’ படத்தை ஒன்றாகப் பார்த்தால் பாதிதான் புரியும். வாஷிங்டனின் ஃபிரீர் அருங்காட்சியகம், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம் ஆகியவற்றின் இணையதளங்களில் விஸ்லரின் வெனிஸ் எட்சிங்குகள் கிடைக்கின்றன. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவருடைய எட்சிங்குகள் அத்தனையையும் பட்டியலிட்டு இணையத்தில் வைத்திருக்கிறது.

இரண்டு வெவ்வேறு அச்சுகளைத் திரையில் பக்கம் பக்கமாகத் திறந்துகொள்ளுங்கள். முதலில் கப்பலின் கொடிமரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். தகட்டில் இடையிடையே சில கோடுகளைச் சேர்த்தும் தேய்த்தும் திருத்தியிருக்கிறார் என்பதால் சிறு மாற்றங்கள் தெரியலாம். அச்சுத்துறையில் இப்படித் திருத்திய ஒவ்வொரு கட்டத்தையும் ‘நிலை’ என்பார்கள். பிறகு அடிவானத்துக்குச் சற்று மேலே வானத்தைப் பாருங்கள். துணி எந்தத் திசையில் போயிற்று, எங்கே கை நின்றது என்பது படலத்தின் அடர்த்தியிலேயே தெரியும். தகட்டின் நாலு ஓரத்தையும் விடாதீர்கள். அங்கே மை கொஞ்சம் கூடுதலாகத் தங்கும்.

அருங்காட்சியகப் புகைப்படங்களில் வெளிச்சம் ஒன்றுபோல் இருக்காது, தாளின் நிறமும் மாறித் தெரியும். அதனால் மொத்த இருட்டை வைத்து ஒப்பிடாமல், ஒரே அச்சுக்குள் எங்கே வெளிச்சம் எங்கே இருட்டு என்ற பங்கீட்டை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு அச்சுக்கும் அந்தந்த அருங்காட்சியகம் கொடுத்த தனி எண் பக்கத்தின் அடியில் இருக்கும். ஒரே அச்சையே இரண்டு தளத்தில் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதை அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.